உரக்கடைத் தொலைபேசியும் உன் வலக்காதும்

என் கண்ணுக்கு,

வருகிற திங்கட்கிழமை உன்னைப் பள்ளியில் சேர்க்கிறோம். நேற்றே போய் டீச்சரைப் பார்த்துவிட்டு வந்தேன். முன் பெஞ்சில் வலது ஓரமாக, சுவரை ஒட்டி உன்னை உட்கார வைக்கச் சொன்னேன். ஏன் என்று கேட்டார். ஜன்னல் பக்கம் காற்றுப் பட்டால் சளி பிடித்துக்கொள்ளும் என்று கூசாமல் ஒரு பொய் சொன்னேன். அவரும் நம்பிவிட்டார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தப் பொய்யையே நினைத்துக்கொண்டு வந்தேன். உனக்கு ஐந்து வயதுதான் ஆகிறது. இப்போது சொன்னால் உனக்குப் புரியாது. நீ வளர்ந்து, என்னைவிட ஒரு சாண் உயரமாகி, நானே உன்னை அண்ணாந்து பார்க்கும் காலத்தில் படிக்கட்டும் என்று எழுதுகிறேன். மூன்று வருஷம் தள்ளிப்போட்டு இப்போதுதான் எழுத உட்காருகிறேன்.

உன் வலக்காது கேட்காது. எல்லோருக்கும் ஒரு பக்கம்தான் கேட்கும் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். போன மாதம்கூட என்னிடம், "உனக்கு எந்தக் காதும்மா கேக்கும்?" என்று கேட்டாய். "உனக்கு எதுவோ அதுதான் எனக்கும்" என்றேன். இது எனக்கும் உன் அப்பாவுக்கும் சேலத்தில் ஒரு டாக்டருக்கும், பின்னால் நான் சொல்லப்போகிற இன்னொருவருக்கும் மட்டும் தெரியும். உன் அப்பாவைப் பெற்றவர்களுக்கே தெரியாது. தெரிந்தால் நாளை வீடு முழுக்கத் தெரியும், நாளை மறுநாள் ஊருக்கே தெரியும். பிறகு பதினைந்து வருஷம் கழித்து உன்னைப் பெண் பார்க்க வருகிறவன் வீட்டு வாசல்வரை அந்தப் பேச்சு காத்திருக்கும். அதற்குப் பயந்துதான் மறைக்கிறேன். தெருவில் உன்னை எப்போதும் என் வலப்பக்கம் விட்டு, உன் இடது கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறேன். என் பழக்கம் அது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அது பயம்.

இப்படி ஆனதற்கு இரண்டு பேர் காரணம். ஒருத்தி நான். என்னை நான் திட்டித் திட்டி ஓய்ந்துவிட்டேன். இன்னொருவர் உரக்கடை முனிரத்தினம். அவர் கணக்கு எனக்கு இன்னும் தீரவில்லை.

நான் தர்மபுரியில் கல்லூரிக்குப் போய்க் கணிதம் படித்தவள். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தேன். உன் அப்பாவும் இன்னும் நான்கு பேரும் சேர்ந்து தக்காளி போட்டார்கள். யார் மண்டிக்கும் கொடுக்காமல் ஒரு வாடகை லாரியில் ஏற்றி நேராகப் பெங்களூருக்கே அனுப்பலாம் என்பது அவர்கள் யோசனை. உன் அப்பா வாரத்தில் பாதி நாள் பெங்களூர் மார்க்கெட்டிலேயே உட்கார்ந்துகொள்வார். சாயங்காலம் அங்கிருந்து டிரங்க் கால் போட்டு, நாளைக்குக் காய் பறிக்கலாமா வேண்டாமா என்று எனக்குச் சொல்வார். பக்கத்தில் மாரண்டஹள்ளி வியாபாரிகளும் அதே மார்க்கெட்டுக்குத்தான் அனுப்புகிறார்கள். அதனால் யார் லோடு எந்த நாள் போகிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. ஒரே விடியலில் பத்து லாரி போய் நின்றால் தக்காளியை மாடுகூட முகர்ந்து பார்க்காது.

ஊரில் எங்களைப் போன்றவர்கள் போய்ப் பேசக்கூடிய தொலைபேசி ஒன்றுதான். அது முனிரத்தினத்தின் உரக்கடையில் இருந்தது. உரத்தோடு காய்கறி மண்டியும் அவர் வைத்திருந்தார். இரண்டு லாரி, ஒரு ஜீப். ஊரில் அவர் மேல் எல்லோருக்கும் மரியாதை. போன உடனே, "வா தங்கச்சி, ஒக்காரு. வெயில்ல வந்திருக்கே" என்று மோர் கொடுக்கச் சொல்வார். உன்னை வாங்கி மேசைமேல் உட்கார வைத்துக்கொள்வார். கால் வந்ததும், "குடும்ப விஷயம், நீங்க பேசுங்க" என்று எழுந்து, திரைச்சீலை போட்ட உள் அறைக்குப் போய்விடுவார். என்ன பண்பான மனுஷன் என்று நான் உன் அப்பாவிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன்.

சில வாரத்தில் ஒன்று கவனித்தோம். நாங்கள் முழு லோடு அனுப்பும் நாளெல்லாம் எங்களுக்கு முன்னால் அவர் லாரிகள் போய் நிற்கும். நாங்கள் நிறுத்தும் நாளில் அவரும் நிறுத்துவார். இன்னொன்றும் இருந்தது. உன் அப்பா பேச ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் அவர் குரல் திடீரென்று கிணற்றுக்குள் போனது போலக் கம்மிவிடும். தினமும் அப்படித்தான். கம்பி பழுது பார்க்க வந்த ஒருவரிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். ஒரே கம்பியில் இரண்டு இடத்தில் ரிசீவரை எடுத்தால் சத்தத்தை இரண்டும் பங்கு போட்டுக்கொள்ளும், அதனால் கம்மும் என்றார். அன்று சாயங்காலம் குரல் கம்மியபோது திரைச்சீலையைத் திரும்பிப் பார்த்தேன். அது அசைந்து ஓய்ந்துகொண்டிருந்தது.

சண்டை போட்டிருக்கலாம். கையில் அத்தாட்சி இல்லை, போக வேறு தொலைபேசியும் இல்லை. எனக்கு வேறு ஒரு திமிர் வந்தது. படித்த திமிர். கேட்கிறவர் கேட்கட்டும், புரியாதபடி பேசிவிட்டால் போகிறது என்று நினைத்தேன். ஒரு கைக்குழந்தைக்காரி எதைப் பேசினால் யாருக்கும் சந்தேகம் வராது? குழந்தையைத்தான். எனவே உன்னை வைத்தே ஒரு ரகசிய பாஷை செய்தேன். உன் அப்பா "பாப்பா சாப்பிட்டுச்சா?" என்று கேட்டால் அங்கே விலை நன்றாக இருக்கிறது, முழு லோடு அனுப்பு என்று பொருள். "பாப்பா தூங்குதா?" என்றால் பாதி லோடு. நான் "பாப்பாவுக்குக் காய்ச்சல்" என்றால் இங்கே பறிப்பு இல்லை, நாளைக்கு வண்டி வராது, நீங்கள் அங்கேயே தங்கிக்கொள்ளுங்கள் என்று பொருள். நம்பும்படியாக இருக்க வேண்டும் என்று கொஞ்சம் ஜோடித்தும் சொல்வேன். ஒருநாள் நூற்றிரண்டு டிகிரி என்று சொல்லி மூக்கை உறிஞ்சினேன். உன் அப்பா ஊருக்கு வந்ததும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். நீ என் இடுப்பில் உட்கார்ந்து எங்களைப் பார்த்துச் சிரித்தாய்.

அந்தப் பாஷை கொஞ்ச நாள்தான் தாங்கியது. ஏன் என்று இப்போது எனக்குத் தெரியும், நீயும் தெரிந்துகொள். ஒரு வார்த்தைக்கு எப்போதும் ஒரே பொருள் என்றால், கேட்கிறவனுக்குப் பாஷை தெரிய வேண்டியதில்லை. பொறுமை இருந்தால் போதும். "சாப்பிட்டுச்சா" என்று கேட்ட மறுநாள் லாரி நிறைந்து போகிறது. "காய்ச்சல்" என்ற மறுநாள் லாரியே இல்லை. இதைப் பத்து நாள் குறித்து வைத்தால் என் மொத்த சாமர்த்தியமும் ஒரு துண்டுக் காகிதத்தில் அடங்கிவிடும். முனிரத்தினம் அதைத்தான் செய்தார். அவர் லாரி மறுபடியும் எங்களுக்கு முன்னால் போய் நிற்கத் தொடங்கியது. கண்டுபிடித்துவிட்டாரோ என்ற சந்தேகம் எனக்கு அரைகுறையாக வந்தது. என் பாஷை உடையும் என்று ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை.

பிறகு அந்த நாள் வந்தது. உனக்கு நிஜமாகவே காய்ச்சல் வந்தது. மத்தியானம் சாதாரணமாக ஆரம்பித்தது, சாயங்காலத்துக்குள் உடம்பு அடுப்புக்கல் மாதிரி ஆகிவிட்டது. வாந்தி எடுத்தாய். கழுத்தைத் தொட்டால் வீறிட்டாய். தர்மபுரிக்குப் போகும் பஸ் போய்விட்டிருந்தது. உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு உரக்கடைக்கு ஓடி, பெங்களூருக்கு அர்ஜென்ட் கால் போடச் சொன்னேன். முனிரத்தினம் உன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். தொட்டார், நான் பார்த்தேன். கால் கிடைத்ததும் வழக்கம்போல உள்ளே போனார்.

"பாப்பாவுக்குக் காய்ச்சலுங்க. நெருப்பா கொதிக்குது. ஒடனே கெளம்பி வாங்க" என்றேன்.

"ரொம்பக் காய்ச்சலா? சரி, நல்லா பாத்துக்க. நான் இங்கயே இருந்துக்கறேன்" என்றார் உன் அப்பா. அவர் குரலில் ஒரு சிரிப்பு இருந்தது.

"நெசமாத்தாங்க சொல்றேன்."

"தெரியுது, தெரியுது. நீ அழுவாத."

இது நம்ம பாஷை இல்லீங்க, காய்ச்சல்னா காய்ச்சல்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். வாய்வரை வந்தது. ஆனால் உன் அப்பாவின் குரல் ஆரம்பத்திலேயே கம்மியிருந்தது. உள்ளே முனிரத்தினம் கேட்கிறார், இதைச் சொன்னால் எல்லாம் அவருக்கு வெளிச்சமாகிவிடும் என்று நான் தயங்கினேன். ஒரு நொடியோ இரண்டு நொடியோ. அழுகிற குரலிலேயே உன் அப்பா புரிந்துகொள்வார் என்று என் புத்தி ஒரு சமாதானம் சொன்னது. அதற்குள் மூன்று நிமிஷம் முடிந்தது என்று சொல்லி எக்ஸ்சேஞ்சில் கம்பியைத் துண்டித்துவிட்டார்கள். மறுபடி போடச் சொன்னேன், கிடைக்கவில்லை. உன்னைப் பெற்றவள் உன் உயிரைவிடத் தன் ரகசியத்தை ஒரு நொடி பெரிதாக நினைத்தாள். அழகாக எழுதி இதை மறைக்க எனக்குத் தெரியாது, தெரிந்தாலும் செய்ய மாட்டேன்.

முனிரத்தினம் வெளியே வந்தார். அவர் ஜீப் வாசலில்தான் நின்றது. "மிளகு கசாயம் வெச்சுக் குடு தங்கச்சி, காலையில சரியாயிடும்" என்றார். சரிங்கண்ணா என்று நானும் வீட்டுக்கு வந்துவிட்டேன். உன் அப்பா எப்படியும் ஏதாவது ஒரு லாரி பிடித்து வந்துவிடுவார் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. முதல் பஸ்ஸில் உன்னைத் தூக்கிக்கொண்டு தர்மபுரி ஆஸ்பத்திரிக்குப் போனபோது நீ கண்ணைத் திறக்கவில்லை. மூளைக் காய்ச்சல் என்றார்கள், நேற்றே கொண்டுவந்திருக்க வேண்டாமா என்று கேட்டார்கள். பிழைத்தாய். பல வாரம் கழித்து, நடக்கும்போது நீ தள்ளாடுவதையும், வலப்பக்கமிருந்து கூப்பிட்டால் இடப்பக்கம் திரும்புவதையும் கவனித்துச் சேலத்துக்குத் தூக்கிப் போனோம். டாக்டர் ஒரு கம்பியைத் தட்டித் தட்டி உன் காதருகே வைத்துப் பார்த்தார். இடது பக்கம் வைத்தபோது சிரித்தாய். வலது பக்கம் வைத்தபோது அவர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாய்.

முதலில் முனிரத்தினம் மேல் எனக்கு இருந்தது கோபம் மட்டும்தான். வெறுப்பை எனக்குக் கொடுத்தவர் காதர் பாய். அவர் முனிரத்தினத்தின் லாரி டிரைவர், பேரப்பிள்ளை எடுத்தவர். நீ ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு உன்னைப் பார்க்கப் பேரீச்சம்பழம் வாங்கிக்கொண்டு வந்தார். வாசற்படியிலேயே நின்று, உள்ளே வராமல், தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அன்றைக்குச் சாயங்காலம் அவருடைய முதலாளி இரண்டு லாரியையும் ஏற்றச் சொன்னாராம். ஏன் திடீரென்று என்று இவர் கேட்டதற்கு அவர் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன். "பாப்பாவுக்குக் காய்ச்சல்னா அவங்க லோடு நாளைக்கு இல்லன்னு அர்த்தம்யா. ஆனா இன்னிக்கு நெசமாவே காய்ச்சல். அது தெரியாம அந்தாளு அங்கயே குந்தியிருக்கான்." சொல்லிவிட்டுச் சிரித்தாராம். "நானும் வண்டிய எடுத்துக்கிட்டுப் போயிட்டேம்மா. எம்மேலயும் தப்புதான்" என்றார் காதர் பாய்.

இதை நீ இரண்டு தரம் படி. அவர் உன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தவர். உன் அப்பா தவறாகப் புரிந்துகொண்டதை இந்த உலகத்தில் அந்த நிமிஷம் அறிந்திருந்த ஒரே ஆள். திரையை விலக்கிக்கொண்டு வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லாவிட்டாலும் ஜீப்பை எடுத்திருக்கலாம். அவர் தக்காளி ஏற்றப் போனார். நான் தெரியாமல் செய்தேன், அவர் தெரிந்து செய்தார். இந்த வித்தியாசத்தை யார் வந்து எவ்வளவு இனிக்கப் பேசினாலும் நீ விட்டுக்கொடுக்காதே.

உன்னை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த நாட்களில் ரேடியோதான் எனக்குத் துணை. ஒரு சாயங்காலம் ஒரு பேராசிரியர் பேசினார். கம்ப்யூட்டர்களைப் பற்றியும், வெளிநாடுகளில் தொலைபேசிக் கம்பி வழியாகவே அவற்றுக்குள் புகுந்து அடுத்தவர் விஷயங்களைப் படிக்கிறார்கள் என்பதைப் பற்றியும் சொன்னார். மற்றவர்களுக்கு அது ஏதோ சீமைச் செய்தி. எனக்கு அது உரக்கடைத் திரைச்சீலை. காய் நறுக்கிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன். பூட்டு எப்படி வேலை செய்கிறது என்று திருடனுக்குத் தெரிந்தால் பரவாயில்லை, சாவி மட்டும் அவன் கைக்குப் போகக் கூடாது. பூட்டின் அமைப்பை மறைத்துப் பிழைக்கலாம் என்று நினைப்பவன் ஏமாந்துபோவான் என்றார். நான் அப்படித்தான் ஏமாந்திருந்தேன். எங்கள் பாஷையில் சாவி என்று ஒன்று இல்லவே இல்லை.

இப்போது புதிதாக ஒரு பூட்டு வந்திருக்கிறது என்றும் சொன்னார். நான் ஒரு பூட்டைத் திறந்தபடியே உனக்கு அனுப்பிவிடுகிறேன். நீ பெட்டியில் விஷயத்தை வைத்து, அந்தப் பூட்டை அழுத்திப் பூட்டி எனக்கு அனுப்புகிறாய். சாவி என்னை விட்டு எங்குமே போகவில்லை. வழியில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவன் எவனாலும் திறக்க முடியாது, பூட்டிய உன்னாலேயே மறுபடி திறக்க முடியாது. இரும்புக்குப் பதில் எண்களாலேயே அந்தப் பூட்டைச் செய்கிறார்களாம். இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்குவது சுலபம். பெருக்கி வந்ததை மட்டும் கொடுத்து அந்த இரண்டும் எவை என்று கேட்டால், கேழ்வரகு மாவையும் கம்பு மாவையும் கலந்து கொடுத்துத் தனித்தனியாகப் பிரித்துத் தா என்பது போல ஆகிவிடும். கல்லூரியில் பகா எண்களை மார்க்குக்காக மனப்பாடம் செய்தவள் நான். அவை காவல் காக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. நீ வளரும் காலத்தில் எல்லார் பேச்சும் இந்தக் கம்பிகளில்தான் ஓடும் என்று அவர் சொன்னார். அப்போது உனக்கு இது உதவும்.

என்னிடம் கம்ப்யூட்டர் இல்லை, ஆனால் சாவி வேண்டும் என்று புரிந்துவிட்டது. சாவி தினமும் மாற வேண்டும், எங்கள் இருவரிடமும் ஒன்றாக இருக்க வேண்டும். தினசரிக் காலண்டரை எடுத்தேன். தாளில் அன்றைய நட்சத்திரம் போட்டிருக்குமல்லவா, அது அசுவினியிலிருந்து எத்தனையாவது என்பதுதான் சாவி. கேள்விகள் நான்கு. சாப்பிட்டாளா, தூங்குகிறாளா, விளையாடுகிறாளா, அழுகிறாளா. அவற்றை வட்டமாக வைத்து, அன்றைய எண்ணுக்குத் தக்கபடி இடம் தள்ளிப் பொருள் கொள்ள வேண்டும். நேற்று முழு லோடு என்று சொன்ன அதே கேள்வி இன்று லோடே வேண்டாம் என்று சொல்லும். கிழித்த தாள் அன்றே அடுப்புக்குப் போய்விடும். முதல் வாரம் உன் அப்பா மார்க்கெட்டில் மாட்டியிருந்த கன்னடக் காலண்டரைப் பார்த்து எண்ணிவிட்டார், அதில் நட்சத்திரம் ஒரு நாள் மாறியிருந்ததால் ஒரு லோடு வீணானது. அதற்குப் பிறகு ஒரே கடைக் காலண்டர் இரண்டு வாங்கி, ஒன்றை அவர் பெட்டிக்குள் வைத்தேன். எந்தக் கடை தெரியுமா? முனிரத்தினம் உரக்கடை. வருஷப் பிறப்புக்கு வாடிக்கைக்காரர்களுக்கு இனாமாகக் கொடுப்பார். அவர் தலைக்குப் பின்னாலேயே சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது சாவி. காய்ச்சல் என்ற வார்த்தையை மட்டும் பாஷையிலிருந்து எடுத்துவிட்டேன். நம் வீட்டில் இனி காய்ச்சல் என்றால் காய்ச்சல்தான்.

அவருக்கு இது தெரியாது. அவர் பழைய துண்டுக் காகிதத்தை வைத்தே அர்த்தம் பண்ணிக்கொண்டிருந்தார். நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. அவரே கேட்டார், அவரே ஏமாந்தார். "சாப்பிட்டுச்சா" என்று காதில் விழுந்ததும் இரண்டு லாரியை நிறைத்துக்கொண்டு போய், காய் மலிந்து கிடந்த மார்க்கெட்டில் நின்றார். ஓசூர் சாலையோரத்தில் அவர் லோடு கொட்டிக் கிடந்ததை உன் அப்பா வந்து சொன்னபோது எனக்கு இரண்டு கவளம் சோறு கூடுதலாக இறங்கியது. ஒன்றுதான் உறுத்தல். அந்தக் காயில் பாதி சாலம்மாவுடையது. அரைக் காணி வைத்துக்கொண்டு தனியாகப் பிழைக்கிறவள். விற்காத சரக்குக்கு நான் ஏன் கொடுக்க வேண்டும் என்று முனிரத்தினம் கைவிரித்துவிட்டார். அவள் கூலி வேலைக்கு நல்லம்பள்ளிப் பக்கம் போனாள். சொல்லி நிறுத்தியிருக்கலாம், சொன்னால் சாவி போய்விடும் என்று மறுபடியும் வாயை மூடிக்கொண்டேன். பிறகு ஒரு மூட்டை கேழ்வரகு அனுப்பினேன். அவள் நேரில் வந்து நன்றி சொன்னாள், எனக்கு முகம் கொடுக்க முடியவில்லை. பழி வாங்கப் போகும்போது குறுக்கே யார் நிற்கிறார்கள் என்று பார்த்துவிட்டுப் போ. நான் பார்க்கவில்லை.

அவருடைய காய் கெட்டது எனக்குப் போதவில்லை. ஊருக்கு அவர் யார் என்று தெரிய வேண்டும். யூரியா வந்திறங்கிய ஒரு சாயங்காலம், கடையில் முப்பது பேர் காத்துக்கொண்டிருந்தார்கள். உன் அப்பாவின் கால் வந்தது. முனிரத்தினம் எழுந்து உள்ளே போனார். குரல் கம்மும்வரை காத்திருந்தேன். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பி, பக்கத்தில் நிற்பவர்களுக்குக்கூடக் கேட்காதபடி, "முனிரத்தினம் அண்ணன் வண்டி ராயக்கோட்டைக்கிட்ட கவுந்துடுச்சாம். பஸ்ல வந்தவங்க சொன்னாங்க. அவருக்கு இன்னும் தெரியாது" என்றேன்.

திரைச்சீலை கிழியாத குறையாக விலகியது. "எந்த வண்டி? லோடு என்னாச்சு?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

நான் ரிசீவரை மேசைமேல் மெதுவாக வைத்தேன். முன்னால் நின்ற பெரியவர் ஒருவர் தோள் துண்டை எடுத்து உதறிக்கொண்டு கேட்டார். "அந்தப் பொண்ணு பேசுனது பக்கத்துல நிக்கிற எனக்கே கேக்கல. உள்ள இருந்த உனக்கு எப்படிய்யா கேட்டுச்சு?"

காதர் பாய் மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து வந்தார். நான் முந்தின நாளே சொல்லி வைத்திருந்தேன். "வண்டி வெளிய நிக்குது மொதலாளி. லோடு என்னாச்சுன்னு கேட்டீங்களே, காதரு இருக்கானா செத்தானான்னு ஒரு வார்த்த கேக்கலியே" என்றார். நாலு பேர் உள்ளே போனார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில், துண்டு போட்டு மூடி, இன்னொரு தொலைபேசி. தொங்கவிட்டபடியே கிடந்த அதன் ரிசீவரிலிருந்து உன் அப்பாவின் "அலோ, அலோ" கேட்டுக்கொண்டிருந்தது. ஒவ்வொருவரும் தான் அந்தக் கடையில் பேசியதையெல்லாம் மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பது அவர்கள் முகத்தில் தெரிந்தது. பெண் கொடுத்த பேச்சு, நிலத் தகராறு, ஆஸ்பத்திரிச் செய்தி. யூரியா வாங்காமலே பாதிப் பேர் போய்விட்டார்கள். உன்னைத் தூக்கிக்கொண்டு நான் கடைசியாக வெளியே வந்தேன்.

இரண்டு மாதம் கழித்து அவர் மனைவியோடு நம் வீட்டுக்கு வந்தார். கடைக்கு ஆள் வருவதில்லை, காதர் பாயும் வேறு வண்டிக்குப் போய்விட்டார். "ஏதோ புத்திகெட்டு ஒட்டுக் கேட்டுட்டேன் தங்கச்சி. நீ ஒரு வார்த்த சொன்னா ஜனம் மறுபடி வரும்" என்றார். கையில் ஆரஞ்சுப் பழப் பை. நீ தரையில் உட்கார்ந்து சோழிகளை அடுக்கிக்கொண்டிருந்தாய். அவர் உன் வலப்பக்கம் குனிந்து, "பாப்பா" என்று கூப்பிட்டார். நீ திரும்பவில்லை. மறுபடி கூப்பிட்டார். பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு நாலு முறை, ஐந்து முறை. நான் சும்மா நின்றேன். கூப்பிடட்டும் என்று நின்றேன். "புள்ளைக்குக் கூச்சம் போல" என்றாள் அவர் மனைவி.

அந்த அம்மாவைப் பின்கட்டுக்குத் தண்ணீர் குடிக்க அனுப்பிவிட்டு அவரிடம் சொன்னேன். "கூச்சமில்லீங்க. அந்தப் பக்கம் அவளுக்குக் கேக்காது. அன்னிக்கி நீங்க நெத்தியத் தொட்டுப் பாத்துட்டு உள்ள போயி ஒட்டுக் கேட்டீங்களே, அந்தக் காய்ச்சல்ல போனது."

அவர் பழத்தைப் பையில் போட்டார்.

"இது எனக்கும் அவங்கப்பாவுக்கும் சேலத்து டாக்டருக்கும் தெரியும். அந்த டாக்டருக்கு இந்த ஊர் எந்தப் பக்கம்னே தெரியாது. நாலாவது ஆள் நீங்க. உங்க வூட்டம்மாவுக்குக்கூடச் சொல்லக் கூடாது. ஊர்ல எங்கயாவது இந்தப் பேச்சு என் காதுக்குத் திரும்பி வந்தா, அது எந்த வாயிலருந்து கெளம்புச்சுன்னு நான் தேடவே வேணாம். அன்னிக்கி நீங்க காதர் பாய்கிட்டச் சொல்லிச் சிரிச்சத ஊர் நடுவுல நிறுத்திச் சொல்லுவேன்."

வேண்டுமென்றேதான் சொன்னேன். கேட்டதையெல்லாம் தனக்கு ஆதாயமாக்கிக்கொண்ட மனிதருக்கு, எதற்கும் பயன்படுத்த முடியாத ஒன்றைக் கொடுத்தேன். சாகிறவரை வைத்துக்கொள்ளட்டும். அவருக்காக ஊரில் ஒரு வார்த்தையும் பேசவில்லை, பேச மாட்டேன். பெரிய மனது பண்ணு என்கிறார்கள், உன் அப்பாவே சொல்கிறார். எனக்கு அவ்வளவு பெரிய மனது வேண்டாம்.

ஆனால் உன் காது என் பழிக்கு ஆயுதமாகவே இருந்துவிடக் கூடாது. அது உன்னுடையது. நான் மறைத்தது உன் கல்யாணத்துக்குப் பயந்து. உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவனிடம், நாங்கள் யாரும் வாய் திறப்பதற்கு முன்னால் நீயே சொல்லிவிடு. கேட்டுவிட்டு அவன் எழுந்து போனால், போகட்டும். இருந்தால், எந்தப் பக்கம் நடக்க வேண்டும் என்று அவனுக்குக் காட்டு. உனக்கும் உன் ஆட்களுக்கும் நடுவே எத்தனை ரகசியப் பேச்சு வைத்துக்கொண்டாலும், பொய்க்குக் கடன் கொடுக்காத ஒரு வார்த்தையைத் தனியாக வைத்துக்கொள். அதைச் சொன்னால் எதிராளி கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓடி வர வேண்டும். எங்கள் இருவரிடமும் அது இல்லாததால்தான் உன்னை இழக்க இருந்தோம்.

முனிரத்தினத்தை என்ன செய்வது என்று நீ பெரியவளான பிறகு நீயே முடிவு பண்ணு. என் சார்பில் மட்டும் மன்னித்துவிடாதே. போன வாரம் பாப்பாரப்பட்டிச் சந்தைக்குப் போனோமே, நினைவிருக்கிறதா? டீக்கடையில் அவர் நாலு பேரோடு பேசிக்கொண்டு நின்றார். நம்மைப் பார்த்ததும் பாதி வார்த்தையில் நிறுத்திவிட்டார். கூட நின்றவர்கள் என்ன ஏது என்று அவரைப் பார்த்தார்கள். நான் உன் இடது கையைப் பிடித்துக்கொண்டு வேண்டுமென்றே மெல்ல நடந்தேன். "அது யாரும்மா?" என்றாய். "உரக்கடைக்காரர்" என்றேன். அவர் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தலையைக் குனியும்வரை நான் கண்ணை எடுக்கவில்லை.

உன் அம்மா